பெர்னினி மறைத்து வைத்த ஜன்னல்

ரோம் நகரில் போர்த்தா பியா என்ற பழைய நகர வாயிலிலிருந்து உள்ளே வரும் நீண்ட சாலைக்கு 'செப்டம்பர் 20' என்று பெயர். 1870இல் இத்தாலியப் படைகள் அந்த வாயிலுக்கு அருகே மதிலை உடைத்து நகரத்துக்குள் நுழைந்த நாள் அது. பேருந்துகளும் அரசு அலுவலகங்களும் நிறைந்த அந்தச் சாலையின் ஓரத்தில், சட்டென்று கண்ணில் படாத அளவில், சாந்தா மரியா தெல்லா வித்தோரியா என்ற ஆலயம் இருக்கிறது. வெற்றி அன்னையின் பெயரால் அமைந்த ஆலயம். உள்ளே போய்ப் பெரிய பீடத்தை நோக்கி நடந்தால் இடப்பக்கச் சிறகில் வருவது கொர்னாரோ சிற்றாலயம்.

பீடத்துக்கு மேலே, தரையோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், ஒரு மேகம் மிதக்கிறது. அதன் மேல் ஒரு பெண் துறவி தலை சாய்ந்து, கண்கள் செருகிக் கிடக்கிறார். பக்கத்தில் இளம் வானதூதர் ஒருவர் கையில் பொன் அம்புடன் புன்னகைக்கிறார். இருவருக்கும் பின்னால் மேலிருந்து பொற்கதிர்கள் இறங்குகின்றன. கதிர்களின் மேலும் வெண்பளிங்கின் மேலும் உண்மையான வெளிச்சம் விழுகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று அண்ணாந்து தேடினாலும் கீழே நிற்பவருக்குத் தெரியாது. முன்னால் வளைந்து நிற்கும் முகப்புக்குப் பின்னே, உயரத்தில், மஞ்சள் கண்ணாடி போட்ட ஒரு ஜன்னல் ஒளிந்திருக்கிறது. அதற்கு ஒளி கிடைப்பதற்காகவே ஆலயத்தின் வெளிச்சுவரில் ஒரு சிறிய கூண்டு புடைத்துக்கொண்டு நிற்கிறது.

ஜியான் லொரென்சோ பெர்னினி என்ற சிற்பி 1647 முதல் 1652 வரை இதைச் செய்தார். 'புனித தெரசாளின் பரவசம்' என்ற பெயரில் இந்தச் சிலையின் படம் உலகம் முழுவதும் புத்தகங்களில் அச்சாகியிருக்கிறது. ஆனால் பெரும்பாலான படங்களில் இருப்பது இரண்டு உருவங்கள் மட்டுமே. சில படங்களில் அந்தப் பெண்ணின் முகம் மட்டும். அப்படி வெட்டி எடுத்த படத்தைப் பார்த்துப் பழகியவர்கள் பெர்னினி செய்ததில் ஒரு பகுதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். அவர் கட்டியது ஓர் அறை. தரையும் சுவரும் கூரையும் வெளிச்சமும் சேர்ந்து ஒரே காட்சியாகும்படி கட்டிய அறை.

இந்த ஆலயத்தின் கதையே விசித்திரமானது. காலணி அணியாத கார்மேல் சபைத் துறவிகளுக்காக 1608இல் கார்லோ மதெர்னோ இதைக் கட்டத் தொடங்கினார். புனித பேதுரு பேராலயத்தின் முகப்பைக் கட்டியவரும் இவரே. அப்போது இது புனித பவுலின் பெயரில் இருந்தது. 1620 நவம்பரில் பிராக் நகரத்துக்கு அருகே வெள்ளை மலையில் நடந்த போரில் கத்தோலிக்கப் படை வென்றது. அந்தப் படையோடு போன கார்மேல் துறவி தொமெனிக்கோ, சிதைக்கப்பட்டுக் கிடந்த ஓர் இயேசு பிறப்புப் படத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வீரர்களுக்கு நடுவே போனாராம். வெற்றிக்குப் பின் அந்தப் படம் ரோமுக்கு வந்து இந்த ஆலயத்தின் பீடத்தில் ஏறியது. ஆலயத்தின் பெயரும் மாறியது. 1833இல் ஏற்பட்ட தீயில் படம் எரிந்துபோனது. இப்போது இருப்பது அதன் நகல்.

கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டியபோது மண்ணிலிருந்து பழங்கால ரோமப் பளிங்குச் சிலை ஒன்று கிடைத்தது. பாதி ஆண், பாதி பெண்ணாகத் தூங்கும் கிரேக்கப் புராண உருவம். கலைப்பொருள் சேர்ப்பதில் தீராத ஆசை கொண்ட கர்தினால் சிப்பியோனே போர்கேசே அதை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஆலயத்தின் முகப்பைக் கட்டப் பணம் கொடுத்தார். அந்தச் சிலை படுத்திருக்க ஒரு பளிங்கு மெத்தை வேண்டும் என்று இளைஞன் ஒருவனிடம் வேலையை ஒப்படைத்தார். 1620இல் அந்த மெத்தையைச் செதுக்கியவர் பெர்னினி. வயது இருபதைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். சிலையும் மெத்தையும் இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கால் நூற்றாண்டு கழித்து, அந்தச் சிலை கிடைத்த அதே மனையில் எழும்பிய ஆலயத்தில் தன் வாழ்நாளின் முக்கியமான வேலையைச் செய்ய அவர் திரும்பி வருவார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

தெரசாள் யார்? தமிழ்நாட்டுக் கத்தோலிக்கருக்கு இரண்டு தெரசாள்களையும் தெரியும். 'சிறுமலர்' என்று அன்போடு அழைக்கப்படும் பிரெஞ்சு தேசத்துக் குழந்தை தெரசாள் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர். இவர் அவருக்கு முந்தியவர், ஸ்பெயினில் அவிலா என்ற மதில் சூழ்ந்த ஊரில் 1515இல் பிறந்தவர். தாத்தா யூத மதத்திலிருந்து மாறியவர். மறைவாகப் பழைய மதத்தைக் கடைப்பிடித்தார் என்ற குற்றச்சாட்டில் 1485இல் தொலேதோவில் சமய விசாரணை மன்றத்தின் தண்டனையை அனுபவித்தவர். தெரசாள் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அங்கே ஒழுங்கு தளர்ந்திருப்பதைக் கண்டு, 1562இல் எளிமையும் மௌனமும் கடுமையாகக் கடைப்பிடிக்கப்பட்ட ஒரு சிறு மடத்தை அவிலாவிலேயே தொடங்கினார். பின்னர் வண்டிகளில் ஸ்பெயின் முழுவதும் அலைந்து மடம் மேல் மடமாக நிறுவினார். 1582இல் ஆல்பா தெ தோர்மெஸ் என்ற ஊரில், அப்படியொரு பயணத்தின் முடிவில்தான் இறந்தார். கணக்கு வழக்கு பார்க்கவும் அதிகாரிகளிடம் வாதாடவும் வீடு வாங்கவும் தெரிந்த பெண் அவர். இந்தச் சிலையைப் பார்க்கும்போது அது நினைவில் இருப்பது நல்லது.

ஆன்ம குருக்களின் கட்டளைப்படி அவர் தன் வாழ்க்கையை எழுதினார். அதில் ஒரு காட்சி வருகிறது. உயரம் குறைந்த, மிக அழகான வானதூதர் ஒருவர் தன் அருகே தோன்றியதையும், அவர் கையிலிருந்த நீண்ட பொன் ஈட்டியின் நுனியில் தீ இருந்ததையும், அது தன் இதயத்தை ஊடுருவி வெளிவந்தபோது தான் முனகும் அளவுக்கு வலித்ததையும், அந்த வலி நீங்கிவிடக் கூடாதே என்று தோன்றும் அளவுக்கு அது இனித்ததையும் எழுதுகிறார். வலி உடலுக்கானதல்ல, ஆன்மாவுக்கானது. ஆனாலும் உடலுக்கும் அதில் பங்குண்டு, நிறையவே உண்டு என்று ஒளிக்காமல் சொல்கிறார். கையெழுத்துப் பிரதி பல ஆண்டுகள் சமய விசாரணை மன்றத்தின் கையில் இருந்தது. அவர் இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1588இல்தான், லூயிஸ் தெ லியோன் என்ற அறிஞரின் பதிப்பாக சலமாங்காவில் அச்சேறியது.

1622 மார்ச் 12 அன்று ரோமில் தெரசாளுக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அன்று அவரோடு பட்டம் பெற்ற மற்ற நால்வரில் ஒருவர் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே உழைத்த பிரான்சிஸ் சவேரியார். இன்னொருவர் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார். இஞ்ஞாசியாரின் தியான முறை இந்தச் சிற்றாலயத்தைப் புரிந்துகொள்ள உதவும். விவிலியக் காட்சி ஒன்றை மனக்கண்ணில் கொண்டுவந்து, அந்த இடத்தைப் பார்த்து, ஒலிகளைக் கேட்டு, மணத்தை முகர்ந்து, தானும் அங்கே நிற்பதாக உணர வேண்டும் என்பது அந்த முறை. பெர்னினி இயேசு சபையாரோடு நெருங்கிப் பழகியவர். அவர்களுடைய ஜேசு ஆலயத்துக்கு விடாமல் போய்வந்தவர் என்று அவருடைய மகன் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. பக்தி என்பது புலன்களை மூடிக்கொள்வதல்ல என்ற எண்ணம் அவருக்குள் ஊறியிருந்தது.

வேலை அவர் கைக்கு வந்த நேரம் அவருக்குக் கெட்ட நேரம். எட்டாம் உர்பானின் ஆட்சியில் ரோமின் கலை முழுவதும் பெர்னினியைச் சுற்றித்தான் நடந்தது. 1644இல் அந்தப் பாப்பரசர் இறந்தார். அடுத்து வந்த பத்தாம் இன்னொசென்ட்டுக்கு முந்தைய ஆட்சியின் செல்லப்பிள்ளைகளைப் பிடிக்காது. பேதுரு பேராலயத்தில் பெர்னினி எழுப்பிய மணிக்கோபுரத்தின் பாரத்தால் கீழே விரிசல் விட்டது. 1646இல் கோபுரத்தை இடிக்க உத்தரவாயிற்று. நகரமே பார்த்துக்கொண்டிருக்க அது இறக்கப்பட்டது. பாப்பரசரின் வேலைகள் குறைந்ததால்தான் தனியாருக்கு வேலை செய்ய அவருக்கு நேரம் கிடைத்தது.

அந்தத் தனியார் கர்தினால் பெதெரிகோ கொர்னாரோ. வெனிஸின் பெரும் குடும்பம். தந்தை ஜொவான்னி அந்தக் குடியரசின் தலைவராக, 'தோஜே'யாக இருந்தவர். பெதெரிகோ வெனிஸின் பிதாப்பிதாவாக இருந்துவிட்டு 1644இல் பதவி விலகி ரோமில் குடியேறினார். தன்னை அடக்கம் செய்ய ஓர் இடம் தேடி, 1647இல் இந்த ஆலயத்தின் இடச்சிறகுக்கான உரிமையைப் பெற்றார். அவர் செலவிட்டது சுமார் 12,000 ஸ்கூதி என்று கணக்கு. ஒரு தனிச் சிற்றாலயத்துக்கு அந்தக் காலத்தில் மிகப் பெரிய தொகை.

சிறகு ஆழமில்லாதது. அதில்தான் பெர்னினியின் கட்டடக்கலை முழுவதும் அடங்க வேண்டும். பின்சுவரை அவர் பலநிறப் பளிங்கால் மூடினார். நடுவே இருபுறமும் கரும்பளிங்கில் இரட்டைத் தூண்கள். அவற்றின் மேல் ஒரு முகட்டு வளைவு. அந்த வளைவு உள்ளேயிருந்து யாரோ தள்ளியதைப் போல முன்னால் பிதுங்கி, நடுவில் உடைந்து நிற்கிறது. பிதுங்கிய முகப்புக்குப் பின்னே நீள்வட்டமாக ஒரு மாடம். மாடத்துக்குள் மேகம், தெரசாள், தூதர். ஜன்னலை மறைப்பதும் அந்தப் பிதுங்கல்தான். சுற்றிலும் கல் அடர்ந்த நிறத்தில் இருக்க, உள்ளே மட்டும் வெண்பளிங்கு. ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமுள்ள அந்தத் தொகுதி, நிறங்களுக்கு நடுவே நிறமற்றதாக, வேறு உலகத்திலிருந்து திறந்த ஒரு பிளவு போலத் தெரிகிறது.

மேலே பார்த்தால் வானம். கூரை வளைவில் கிதோபால்தோ அப்பத்தீனி என்ற ஓவியர், தூய ஆவியாரின் புறாவையும் அதைச் சுற்றி வானதூதர் கூட்டத்தையும் வரைந்திருக்கிறார். வண்ணம் பூசிய மேகங்கள் ஓவியத்தின் எல்லையோடு நின்றுவிடவில்லை; சுதையால் புடைத்து, கட்டடத்தின் விளிம்புகளை மூடி வழிந்து, உண்மையான ஜன்னலின் ஓரத்தையும் மறைக்கின்றன. எது ஓவியம், எது சுதை, எது கட்டடம் என்று கீழிருந்து பிரித்துச் சொல்வது கடினம். வளைவின் பக்கங்களில் தெரசாளின் வாழ்க்கைக் காட்சிகள் பொன்னிறப் புடைப்புகளாக இருக்கின்றன. நுழைவு வளைவின் உச்சியில் தூதர்கள் பிடித்திருக்கும் பட்டையில் லத்தீன் வாசகம் ஒன்று: விண்ணகத்தை நான் முன்பே படைத்திராவிட்டால் உனக்காக மட்டுமே அதைப் படைத்திருப்பேன் என்று கிறிஸ்து தெரசாளிடம் சொன்னதாக வழங்கும் வாக்கு.

கீழே, பீடத்தின் முன்பக்கத்தில், நீலக் கல்லின் பின்னணியில் பொன்முலாம் பூசிய வெண்கலத்தில் இயேசுவின் இறுதி இராவுணவு. அதற்கும் கீழே தரையில், வண்ணக் கற்கள் பதித்த வட்டங்களுக்குள் இரண்டு எலும்புக்கூடுகள். அவை அச்சுறுத்துவதற்காக வைக்கப்பட்டவையல்ல. கல்லறையிலிருந்து எழுந்து, மேலே நடப்பதைப் பார்த்து வியந்து ஜெபிக்கின்றன. ஆக, தரையில் இறந்தோர், பீடத்தில் நற்கருணை, அதற்கு மேல் ஒரு மனிதப் பெண்ணை இறைவன் தொட்ட கணம், உச்சியில் விண்ணகம். கீழிருந்து மேலே கண் ஏறும்போது ஒரு முழு விசுவாசப் பிரமாணத்தையே படித்து முடிக்கிறோம்.

இனி அந்த உருவங்கள். தெரசாளின் உடலில் பலம் எதுவும் மிச்சமில்லை. ஒரு கை துவண்டு தொங்குகிறது. மேகத்தின் விளிம்பில் ஒரு வெறுங்கால் தொங்குகிறது. அவருடைய சீர்திருத்தத்தில் பிறந்த காலணி அணியாத சபையின் அடையாளம் அது. முகமும் கையும் காலும் தவிர வேறெங்கும் உடல் தெரியவில்லை. அங்கே இருப்பது துணி. கனமான, முரட்டு, கோணல்மாணலாக மடிந்து குமுறும் மடத்து உடை. முகத்தில் அமைதியாகத் தோன்றும் அனுபவத்தின் வேகத்தை அந்த மடிப்புகள்தான் சொல்கின்றன. தூதரின் ஆடையோ மெல்லியது. தீ நாக்குகள் போலச் சுருண்டு எழுகிறது. கீழேயுள்ள மேகத்தை உளித்தடம் தெரியும்படி சொரசொரப்பாக விட்டு, தோலை மெருகேற்றி வழுவழுப்பாக்கியிருக்கிறார். எல்லாம் ஒரே கல்தான்.

தூதர் ஒரு கையில் அம்பைப் பிடித்திருக்கிறார். மறு கையின் விரல்களால் தெரசாளின் உடையைத் தொட்டும் தொடாமலும் பிடிக்கிறார். அந்த விரல்களைப் பார்ப்பதற்காக மட்டுமே கொஞ்ச நேரம் நிற்கலாம். மேகத்தோடு சேர்த்து இவ்வளவு பாரமுள்ள பளிங்கை அவர் இரண்டு விரலால் தூக்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றும்.

தெரசாள் எழுதியதை பெர்னினி அப்படியே செதுக்கவில்லை. எழுத்தில் இருப்பது நீண்ட ஈட்டி. இங்கே இருப்பது அம்பு. அந்த அனுபவம் வந்தபோது தெரசாளுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது; இங்கே இளமையாக இருக்கிறார். ஈட்டிக் காட்சியில் மேகமும் கிடையாது. ஜெபத்தில் தன் உடல் தரையிலிருந்து எழும்பியதாக வேறோர் இடத்தில் தெரசாள் எழுதியிருக்கிறார்; பிறர் பார்க்க அப்படி நடந்தது அவருக்குக் கூச்சத்தைத் தந்தது. அந்த எழும்புதலையும் இந்தத் துளைத்தலையும் பெர்னினி ஒன்றாக்கிவிட்டார். இது சிற்பியின் உரிமை மட்டுமல்ல, நல்ல வாசகனின் திறமையும் கூட. ஒரு பெண்ணின் புத்தகத்தில் சிதறிக் கிடந்ததைச் சேர்த்து, அதன் சாரத்தை ஒரே கணத்தில் நிறுத்தியிருக்கிறார்.

அதிகம் பேசப்படாத பகுதி பக்கச்சுவர்களில் இருக்கிறது. இருபுறமும் மாடங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு ஆண்கள், இடுப்பளவு உருவமாக. தேர்பவனி பார்க்க மாடி வராந்தாவில் நெருக்கியடித்து உட்கார்ந்த குடும்பத்தாரைப் போல இருக்கிறார்கள். எட்டுப் பேரும் கொர்னாரோக்கள்: தந்தை தோஜே, குடும்பத்தில் முன்பு வாழ்ந்த ஆறு கர்தினால்கள், வலப்பக்கச் சுவரில் பெதெரிகோ. வேலை நடந்த காலத்தில் உயிரோடிருந்தவர் அவர் ஒருவர்தான். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்து மறைந்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் தூண்களும் வளைகூரையுமாக நீண்டு போகும் கூடம் தெரிகிறது. அதன் உண்மையான ஆழம் சொற்பம். சிற்பியின் கணக்குதான் அதை நீட்டிக் காட்டுகிறது. இந்த உருவங்களில் பெர்னினியின் உதவியாளர்களின் கையும் இருக்கிறது.

இவர்களை நாடகம் பார்ப்பவர்கள் என்று பலரும் எழுதிவிட்டார்கள். அது எளிதில் வந்து விழும் விளக்கம். பெர்னினி நாடகக்காரர் என்பது உண்மை. 1644இல் ரோமுக்கு வந்த ஆங்கிலேயர் ஜான் ஈவ்லின், பெர்னினி நடத்திய இசை நாடகம் ஒன்றில் காட்சித் திரைகளை வரைந்ததும் சிலைகளைச் செய்ததும் இயந்திரங்களை அமைத்ததும் இசையையும் வசனத்தையும் எழுதியதும் அரங்கைக் கட்டியதும் அவரே என்று நாட்குறிப்பில் வியக்கிறார். ஆனால் மாடங்களில் இருப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். ஒருவர் புத்தகம் வாசிக்கிறார். சிலர் விவாதிக்கிறார்கள். ஒருவர் யோசனையில் ஆழ்ந்திருக்கிறார். பெரும்பாலோர் தெரசாளைப் பார்க்கவே இல்லை. அவர்கள் இருக்கும் இடத்திலிருந்து பார்க்கவும் முடியாது. பக்கச்சுவரில் இருப்பவருக்கு நடு மாடத்தின் உள்ளே நடப்பது மறைந்துவிடும். அவர்கள் கேள்விப்பட்டதைப் பற்றி, படித்ததைப் பற்றி, நம்புவதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். நேருக்கு நேர் முழுக் காட்சியும் கிடைப்பது ஆலயத்தின் நடுவே நிற்பவருக்கு. கர்தினால்களுக்கும் தோஜேக்கும் கிடைக்காத இடத்தை, தெருவிலிருந்து உள்ளே வந்த யாரோ ஒருவருக்கு பெர்னினி கொடுத்திருக்கிறார். பணம் கொடுத்த குடும்பம் அதற்குச் சம்மதித்தது என்பதை இந்தச் சிற்றாலயத்தின் பெருமையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்ப்பு அன்றே இருந்தது. பரிசுத்த கன்னியான தெரசாளை வீனஸ் ஆக்கிவிட்டார் என்று பெர்னினியின் காலத்திலேயே ஒருவர் பெயர் போடாமல் எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டில் ரோமைச் சுற்றிப்பார்த்த பிரெஞ்சுக்காரர் ஷார்ல் தெ ப்ரோஸ், இதுதான் தெய்வீகக் காதல் என்றால் தனக்கும் அது தெரியும் என்கிற பாணியில் கிண்டலாக எழுதினார். இருபதாம் நூற்றாண்டில் உளப்பகுப்பாய்வாளர் ஜாக் லக்கான் தன் உரைத் தொகுப்பு ஒன்றின் அட்டையிலேயே இந்தச் சிலையைப் போட்டார். இப்படிப் பார்ப்பவர்கள் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை; உடலுக்கும் பங்குண்டு என்று தெரசாளே எழுதியிருக்கிறார். ஆனால் அவர் அதை எழுதியது பெருமைக்கோ கிளர்ச்சிக்கோ அல்ல. தனக்கு நடப்பது இறைவனுடையதா, தீய ஆவியின் ஏமாற்றா என்று அஞ்சி, சந்தேகத்தோடு தன்னைக் கவனித்த குருக்களின் முன்னால், எதையும் மறைக்காமல் வைத்த வாக்குமூலம் அது. அந்த நேர்மைக்கு ஈடாகத் தானும் எதையும் மறைக்காமல் செதுக்கியது பெர்னினியின் துணிச்சல். முகத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கண்சிமிட்டுகிறவர்கள், ஜெபிக்கும் எலும்புக்கூடுகளையும் இராவுணவையும் வழியும் விண்ணகத்தையும் படத்துக்கு வெளியே விட்டுவிடுகிறார்கள். 1970இல் ஆறாம் பவுல், திருச்சபையின் மறைவல்லுநர் என்ற பட்டத்தை முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் கொடுத்தபோது அதைப் பெற்றவர் இந்த தெரசாள்தான். அவருடைய எழுத்துக்காகக் கிடைத்த பட்டம் அது.

மறைந்த ஒளி பெர்னினிக்கு இங்கே திடீரென்று தோன்றிய யோசனை அல்ல. ரோமின் ஜனிக்கோலோ குன்றில் சான் பியத்ரோ இன் மோந்தோரியோ ஆலயத்தில் ரைமோந்தி குடும்பத்துக்காகச் செய்த சிற்றாலயத்தில் பீடத்தின் பக்கவாட்டில் வெளிச்சத்தை ஒளித்து வைத்துப் பழகியிருந்தார். கொர்னாரோவில் அது மேலே ஏறி, நிறம் பெற்று, கதிர்களோடு கலந்தது. சில ஆண்டுகளில் பேதுரு பேராலயத்தின் கடைக்கோடியில் பேதுருவின் இருக்கைக்கு மேலே அதே மஞ்சள் ஜன்னலையும் பொற்கதிர்களையும் பல மடங்கு பெரிதாக, இந்த முறை எல்லோரும் பார்க்கும்படி, செய்தார்.

இந்த வழியைப் பின்பற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு அத்தாட்சி அதே ஆலயத்தின் எதிர்ச்சிறகில் இருக்கிறது. அங்கே தொமெனிக்கோ கீதி என்ற சிற்பி, தூங்கும் சூசையப்பரின் கனவில் வானதூதர் வரும் காட்சியை, பெர்னினியின் அமைப்பை மனதில் வைத்துச் செதுக்கியிருக்கிறார். திறமையான வேலை, மேகமும் தூதரும் உண்டு. ஆனால் அது சுவரில் வைத்த சிற்பமாகவே நின்றுவிடுகிறது. கூரையோ வெளிச்சமோ அதோடு சேர்ந்து பேசவில்லை. இரண்டுக்கும் நடுவே நின்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்ப்பது, சிற்பக்கலை பற்றிப் பல பக்கங்கள் படிப்பதற்குச் சமம்.

பெர்னினியே எழுபது வயதைத் தாண்டி இன்னொரு முறை இந்தப் பொருளுக்குத் திரும்பினார். தீபர் நதிக்கு அப்பால், திராஸ்தேவரே பகுதியில் சான் பிரான்செஸ்கோ ஆ ரிப்பா ஆலயத்தில் லுதோவிக்கா அல்பெர்தோனி என்ற ரோமப் பெண்ணின் மரணத் தறுவாய் இருக்கிறது; 1674இல் முடிந்த வேலை. அங்கேயும் பக்கவாட்டில் மறைந்த ஜன்னல். ஆனால் தூதரும் இல்லை, அம்பும் இல்லை, மாடங்களில் யாரும் இல்லை. ஒரு படுக்கையும் ஒரு பெண்ணும் கலைந்த துணியும் மட்டும்தான். தெரசாளைப் பார்த்துவிட்டு அங்கே போகிறவர்களுக்கு, முன்பு இத்தனை துணைகளோடு சொன்னதை வயதான காலத்தில் அவர் எவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார் என்பது புரியும்.